தாத்தா காலத்துச் சவரக்கத்தி: தேய்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய சவரக்கத்தி ஒன்று கையில் கிடைத்ததும் நம் ஊரில் முதலில் நடப்பது புளி போட்டுத் தேய்ப்பதுதான். குத்துவிளக்குக்குச் சரிப்பட்டது இதற்கும் சரிப்படும் என்ற நினைப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளிக்குப் பஞ்சமும் இல்லை. புளியின் அமிலம் துருவைத் தின்னும், சரி. கூடவே எஃகையும் தின்னும். அதிலும் கத்தியின் மெல்லிய வாயை, அதாவது வெட்டும் விளிம்பைத்தான் முதலில் பிடிக்கும். உப்பும் சேர்த்துத் தேய்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம், மறுநாளே புதுத் துரு பூத்து நிற்கும். செங்கல் பொடி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் எல்லாம் இதே ரகம்தான்.

அதற்கு அடுத்தபடி, தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கெட்டிக்காரர். சவரக்கத்திக்கு அந்தச் சக்கரம் எமன். வாய் அவ்வளவு மெல்லிசு என்பதால் ஒரு நொடி உரசினாலே சூடேறிவிடும். எஃகில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு நீலம். நீலம் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

நான் ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் கிரைண்டிங் மெஷின் முன்னால் நின்று காலம் தள்ளியவன். இப்போது காவேரிப்பட்டணத்தில் வீட்டோடு இருக்கிறேன். இந்தக் கத்திகள் என்னிடம் பல வழியில் வருகின்றன. பழைய வீடு இடிக்கும்போது பரணில் கிடைத்தது, சலூன் தொழிலை விட்டவர்களின் அடைப்பத்தில் (சவரக் கருவிப் பையில்) இருந்தது, போச்சம்பள்ளிச் சந்தையில் பழைய இரும்புக் குவியலில் கிடந்தது என்று. "அண்ணா, இது எவ்ளோ போகும்?" என்றுதான் பையன்கள் கேட்கிறார்கள். "மொதல்ல அதைத் தொடாம வைப்பா" என்பேன். எடுத்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. டூல் ரூமில் சேர்ந்த புதிதிலேயே மண்டையில் ஏற்றுகிற பாடம் இது. கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் கத்தியின் உறுப்புகள். வெட்டும் விளிம்பு வாய். அதற்கு எதிரே தடித்த பக்கம் முதுகு. அலகு முடிந்து கைப்பிடிக்குள் போகும் பகுதி கழுத்து. கம்பெனி முத்திரை இங்கேதான் இருக்கும். அதன் கடைசியில் விரல் வைக்க வளைந்து நிற்பது வால். இரண்டு பட்டைகளாக இருப்பது கைப்பிடி. அலகு திரும்புவது ஒரு ஆணியில். கைப்பிடியின் மறுகோடியில் இன்னொரு ஆணி, அங்கே இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு ஆப்பு. அலகின் அகலத்தை உலகம் முழுக்க அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக அளக்கிறார்கள். நம் கொத்தனாரும் தச்சரும் சொல்கிற நூல் கணக்கு அதேதான். அஞ்சு நூல் கத்தி என்றால் சுமார் 16 மி.மீ. பெரும்பாலானவை அஞ்சு, ஆறு நூலில் இருக்கும். நாலு நூலுக்கும் கீழே இருந்தால், பிறக்கும்போதே அப்படி இருந்ததா, தீட்டித் தீட்டிக் கரைந்ததா என்று யோசிக்க வேண்டும்.

பிழைக்குமா, பிழைக்காதா

நகை செய்யும் பத்தர்கள் கண்ணில் செருகிக்கொள்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் நல்ல டார்ச் ஒன்றும் போதும். கத்தியை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள்.

விரிசல்தான் முதல் கேள்வி. வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழைபோல ஒரு கோடு இருந்தால் கதை முடிந்தது. அது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். டூல் ரூமில் நாங்கள் செய்கிற ஒரு சோதனை இதற்கு நன்றாக உதவும். அலகை மண்ணெண்ணெயில் கால் மணி நேரம் போட்டு எடுங்கள். உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடையுங்கள். சாக்பீஸைப் பொடித்து மெல்லிசாகத் தூவி அப்படியே வையுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல ஊறி வெளியே வரும், வெள்ளைப் பொடியில் ஈரக் கோடு விழும். கோடு விழுந்த கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம், கன்னத்தில் வைக்கக் கூடாது. அடுப்பருகே செய்யாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது துரு. சிவப்பாகப் பொடிப்பொடியாக இருப்பது மேலோட்டமானது, வந்துவிடும். கருப்பாகக் கெட்டியாகப் படிந்திருப்பது எஃகுக்கு ஒரு சட்டை மாதிரி. அதைச் சீண்ட வேண்டியதே இல்லை. பயப்பட வேண்டியது குழிகளுக்கு. அலகின் நடுவில், முதுகோரம் குழி இருந்தால் பார்வைக்குத்தான் குறை. வாயை ஒட்டி ஊசிமுனை அளவில் கருப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் லென்ஸை வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். மேலே ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே சுரங்கமே ஓடியிருக்கும். தீட்டத் தீட்ட அந்த இடத்தில் வாய் பொடிந்து விழும். புள்ளியெல்லாம் தீரும்வரை தேய்த்தால் கத்தியில் அரை நூல் காணாமல் போகும்.

மூன்றாவது, முதுகு. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படும். கோணத்தை முடிவு செய்வது முதுகுதான். அஞ்சு நூல் கத்தியில் முதுகு 4.5 மி.மீ. தடிமன் இருந்தால் வாயின் கோணம் 16 டிகிரி வரும், அது நல்ல கோணம். யாரோ முரட்டுத்தனமாகத் தீட்டி முதுகில் பட்டையாகத் தேய்ந்து 3.5 மி.மீ. ஆகியிருந்தால் கோணம் பன்னிரண்டரைக்கு இறங்கிவிடும். அவ்வளவு மெல்லிய வாய் தாங்காது, முடியில் பட்டதும் நொறுங்கும். வெர்னியர் வைத்து அளந்துவிட்டால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. கத்தியைச் சமதளத்தில் வைத்து வாயின் வடிவத்தையும் பாருங்கள். நடுவில் லேசாகப் புடைத்திருந்தால் நல்லது. நடுவில் உள்வாங்கியிருந்தால் அதைச் சரிசெய்ய நிறைய எஃகு போகும்.

கழுத்தைப் படிப்பது

கழுத்தில் இருக்கிற எழுத்தைத் தேய்ப்பதற்கு முன் படிக்க வேண்டும். பாதி அழிந்த முத்திரையை முழுசாக அழித்துவிட்டு என்னிடம் கொண்டு வருகிறவர்கள் பலர். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழிந்தது போலத் தெரியும் எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கிடைப்பவை பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அல்லது ஜெர்மனியின் சோலிங்கன் சரக்கு. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ். ஐ.எக்ஸ்.எல். என்றிருந்தால் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். வேட் அண்டு புட்சர் கத்திகள் தடித்த முதுகோடு கனமாக இருக்கும். கைகோத்து நிற்கும் இரட்டையர் உருவம் சோலிங்கனின் ஹென்கல்ஸ். அந்தக் குறி 1731இல் பதிவானது. மரம் இருந்தால் போக்கர். ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டுனா என்று பொறித்த கத்தி கிடைத்தால் யாருக்கும் விற்காதீர்கள், அந்த எஃகு அபாரமானது.

வயதைக் கணிக்கச் சில தடயங்கள் உண்டு. கிரீடத்தோடு வி.ஆர். என்றிருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. டபிள்யூ.ஆர். என்றால் அதற்கு முந்தைய நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. வால் இல்லாமல் குட்டையாக முடிகிற கழுத்து அதைவிடவும் பழசு. கத்தியை முனைப் பக்கமிருந்து பார்த்தால் ஆப்பு போல நேராகச் சரிகிறதா, இரு பக்கமும் குடைந்து மெலிந்திருக்கிறதா என்று தெரியும். ஆப்பு வடிவம் பழைய பாணி. நன்றாகக் குடைந்து, நகத்தால் சுண்டினால் வீணைக் கம்பிபோல ஒலிக்கிற அலகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் பரவலானது. 'ஸ்டெயின்லெஸ்' என்று எழுதியிருந்தால், ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகைக் கண்டது 1913இல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்குப் பிறகு.

இணையத்தில் எல்லாரும் ஒப்பிக்கிற ஒரு விதி உண்டு: வெறும் ஷெஃபீல்டு என்றிருந்தால் 1891க்கு முன், இங்கிலாந்து என்றும் சேர்ந்திருந்தால் அதற்குப் பின். இது 1890இல் அமெரிக்கா போட்ட மெக்கின்லி சுங்கச் சட்டத்தால் வந்தது. அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. நம் ஊருக்கு வந்த கத்தி அமெரிக்கா போகவே இல்லையே! ஆகவே இந்த விதியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பிடிக்காதீர்கள். மற்ற தடயங்களோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்த கத்தியைப் பார்த்ததும் வெள்ளி என்று குதிக்கிறவர்கள் உண்டு. லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளி இருந்தார். தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கு எஃகை வைத்து நுண்ணிய கருவிகள் செய்து, அதைப்போல வேறில்லை என்று மெச்சியவர். மின்சாரத்துக்குப் பெயர்போன மைக்கேல் ஃபாரடேவும் அவரும் சேர்ந்து அந்த எஃகின் மர்மத்தைத் தேடி, எஃகில் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். 1820இல் ஆய்வை வெளியிட்டார்கள். வெள்ளியை ஐந்நூறில் ஒரு பங்கு கலந்தது அதில் ஒன்று. அதன் பிறகு ஷெஃபீல்டுக்காரர்கள் அந்தப் பெயரை வியாபாரத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள். கத்தியில் வெள்ளி இருக்கிறதோ இல்லையோ, எழுத்து இருக்கும்.

நம் மண்ணுக்கும் ஷெஃபீல்டுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டார். கனிமம் சேலம் மாவட்டத்தினுடையது. அப்போது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்தோடுதான் இருந்தன; தர்மபுரி பிரிந்தது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல். ஆலை நொடித்துப்போனது. ஆனால் ஹீத் ஷெஃபீல்டு போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையால் கொழுத்தது ஷெஃபீல்டு. அவருக்கு மிஞ்சியது கோர்ட்டு வழக்கு. இரும்பு நமக்குப் புதுசும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது.

முத்திரையே இல்லாமல் தடித்த முதுகும் கொஞ்சம் கோணல்மாணலான வாயுமாக ஒரு கத்தி கிடைத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அது உள்ளூர்க் கொல்லர் அடித்ததாக இருக்கலாம். விலை போகாது. ஆனால் அதைப் பளபளப்பாக்க ஆசைப்படாதீர்கள். சம்மட்டி பட்ட தடம்தான் அதற்கு முத்திரை.

கைப்பிடி எதனால் ஆனது

அதிகம் கிடைப்பது எருமைக் கொம்பு. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் நார் ஓடுவது தெரியும், பூச்சி அரித்த பள்ளங்களும் இருக்கும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார், முடி கருகும் வாடை வந்தால் கொம்பு என்று சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது செல்லுலாய்டு என்கிற பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து மோந்து பாருங்கள், கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு. பழைய செல்லுலாய்டு உள்ளுக்குள் சிதைந்து அமில ஆவி விடும். கைப்பிடிக்குள் மடங்கியிருந்த பகுதி மட்டும் துரு தின்றிருந்தால் காரணம் அதுதான். அந்தக் கைப்பிடியை அன்றைக்கே கழற்றி, மற்ற கத்திகளுக்குப் பக்கத்திலும் வைக்காமல் ஒதுக்குங்கள்.

வெளுத்த கைப்பிடி என்றால் இன்னும் கவனம். நுண்ணிய கருந்துளைகள் இருந்தால் எலும்பு. நேர்கோடுகள் ஒரே சீராக ஓடினால் தந்தம்போலச் செய்த செல்லுலாய்டு. பட்டையின் முனையில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டினால் உண்மையான தந்தமாக இருக்கலாம். யானைத் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது எத்தனை தலைமுறை பழசாக இருந்தாலும். ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காட்டில் யானை நடமாடுகிற மாவட்டம் நம்முடையது, வனத்துறை இதில் சும்மா இருக்காது. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் விலை பேசுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேன் நிறத்தில் கருந்திட்டோடு ஒளி ஊடுருவுகிற அழுங்காமை ஓட்டுக்கும் இதே சட்டம்தான்.

கழற்றுவது

கைப்பிடி நன்றாக இருந்து, அலகு ஆடாமல் இருந்தால் கழற்றவே வேண்டாம். உள்ளே துரு ஏறியிருந்தால்தான் இந்த வேலை. வாய்க்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். ஆணித் தலையைச் சின்ன அரத்தால் ஒரு பக்கம் மட்டும் வட்டம் மறைகிறவரை அராவி, மெல்லிய பஞ்ச் (ஆணியைத் தள்ளும் இரும்புக் கம்பி) வைத்துத் தட்டினால் ஆணி மறுபக்கம் இறங்கும். டிரில் போடாதீர்கள், பிட் வழுக்கிக் கொம்பைக் கிழித்துவிடும். கைப்பிடிக்குக் கீழே ஓட்டையுள்ள மரத்துண்டு ஒன்று இருக்கட்டும். ஆப்பு பக்கத்து ஆணியைத் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பழைய ஷெஃபீல்டு கத்திகளில் அந்த ஆப்பு ஈயமாக இருக்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

துரு எடுப்பது

அலகை ஒரு ராத்திரி மெஷின் எண்ணெயில் ஊறப்போடுங்கள். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயே போதும். காலையில் ஒரு பித்தளைத் துண்டின் ஓரத்தால் சுரண்டினால் சிவப்புத் துரு செதிலாக வரும். பித்தளை எஃகைவிட மிருது, கோடு போடாது. பாதிக் கத்திகளுக்கு இந்த ஒரு வேலையே போதும்.

போதவில்லை என்றால் வாட்டர் பேப்பர். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற கடைகளுக்குச் சாமான் விற்கும் கடையில் 400லிருந்து 2000 வரை எல்லா நம்பரும் கிடைக்கும்; நம்பர் ஏற ஏறத் தாள் நைசு. எல்லாரும் சொல்வது, முரட்டுத் தாளில் தொடங்கி நைசுக்கு வா என்று. நான் தலைகீழாகச் சொல்வேன். 2000இல் தொடங்குங்கள். பத்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் 1500. அதுவும் போதவில்லை என்றால் 1000. எந்த நம்பரில் துரு விட்டுக்கொடுக்கிறதோ அங்கே நின்று, அங்கிருந்து நைசுக்குத் திரும்புங்கள். இப்படிச் செய்தால் தேவைக்கு மேல் ஒரு மைக்ரான்கூடப் போகாது. 400க்குக் கீழே போக எனக்கு மனசு வந்ததில்லை.

அலகை மரக்கட்டையின் விளிம்பில் படுக்கவைத்து, வாயின் அடியில் மரம் முட்டுக்கொடுக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தாளைச் சின்னதாகக் கிழித்து ரப்பர் அழிப்பான் ஒன்றில் சுற்றி, எண்ணெய் தொட்டு, முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக இழுங்கள். வாய்க்கு எதிராகத் தள்ளினால் தாளும் கிழியும், விரலும் கிழியும். ரப்பர் குடைவுக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும், அதனால்தான் மரத்துண்டைவிட அது மேல். எண்ணெய் கருப்புக் குழம்பாகும்போது துடைத்துவிட்டு டியூப்லைட்டின் பிம்பம் அலகில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். பிம்பம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே அதிகம் தேய்த்துவிட்டீர்கள்.

முத்திரை இருக்கும் கழுத்தில் தாள் வேண்டாம். உலோக பாலிஷும் துணியும் போதும். அலகில் தங்கநிற எழுத்தோ, பூவேலைப்பாடோ மங்கலாகத் தெரிந்தால் அங்கே பாலிஷும் வேண்டாம், இரண்டு இழுப்பில் போய்விடும். லேத் பட்டறையில் பஃபிங் வீலில் கொடுத்துக் கண்ணாடியாக்கி வாங்கி வருகிறவர்களும் உண்டு. முத்திரை கரைந்து, ஓரமெல்லாம் உருண்டு, எவர்சில்வர் கரண்டி மாதிரி ஆகியிருக்கும். வீலில் வாய் மாட்டினால் கத்தி எந்தப் பக்கம் பறக்கும் என்றும் சொல்ல முடியாது.

கொம்புக் கைப்பிடி உலர்ந்து செதில்விட்டிருந்தால் விளக்கெண்ணெய் தடவிச் சில நாள் துணியில் சுற்றி வையுங்கள். உடைந்துபோயிருந்தால் புதுசு போடலாம். நன்றாக உலர்ந்த கருவேல வைரத்தில் இரண்டரை மி.மீ. கனத்தில் சீவிக்கொள்ளலாம்.

திரும்ப ஆணி அடிக்க அரை நூல் கனப் பித்தளைக் கம்பி வேண்டும். கேஸ் வெல்டிங் கடையில் பிரேஸிங் ராடு என்று கேட்டால் 1.6 மி.மீ.யில் கிடைக்கும். சின்ன வாஷர் போட்டு, இரண்டு பக்கமும் முக்கால் மி.மீ. நீட்டிவிட்டு, தண்டவாளத் துண்டின் மேல் வைத்துச் சின்ன பால்பீன் சுத்தியால் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கம்பி நடுவில் வளையும், கொம்பு பிளக்கும். தலை சுற்றிலும் மெல்ல மெல்லத் தட்டி, பக்கம் மாற்றி, நடுநடுவே கத்தியை மடக்கிப் பாருங்கள். எந்தப் பட்டையிலும் உரசாமல் நடுவே இறங்க வேண்டும். திறந்த அலகு தானாக விழாமல் நிற்கிற இறுக்கம் வந்ததும் நிறுத்துங்கள்.

தீட்டுவது

ஹார்டுவேர் கடையில் விற்கிற கார்பொரண்டம் கல் இதற்கு ஆகாது, அது முரடு. 1000, 4000 அல்லது 5000, 8000, முடிந்தால் 12000 நம்பர் தண்ணீர்க் கற்கள் வேண்டும். இவற்றைப் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கல் சமமாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இங்கே நம் ஊர் கைகொடுக்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றிலும் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைகள். ஓரத்தில் வெட்டி எறிந்த துண்டு ஒன்று கேட்டால் சும்மாவே தருவார்கள். ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள், அடியில் வெளிச்சம் கசியாத துண்டாகப் பார்த்து எடுங்கள். அதன்மேல் 400 வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து, தீட்டுக்கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு அதில் தேயுங்கள். பென்சில் கோடு எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே பள்ளம். கடைசிக் கோடும் மறைந்தால் கல் சமம்.

முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முதுகு தேயாது. 0.13 மி.மீ. டேப் என்றால் அஞ்சு நூல் கத்திக்குச் சுமார் ஒரு டிகிரி கோணமும் கூடும். ஏற்கெனவே முதுகு கொஞ்சம் தேய்ந்த கத்திக்கு இது மருந்தும்கூட.

1000 கல்லில்தான் முக்கால்வாசி வேலை. வாயின் சரிவில் கருப்பு மார்க்கரால் பூசுங்கள். கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் வாயும் சேர்ந்து படும்படி, வாய் முன்னே போகிற மாதிரி ஒரே ஒரு இழுப்பு. லென்ஸில் பாருங்கள். மை போன இடம் கல்லைத் தொட்ட இடம். நுனியில் மை அப்படியே இருந்தால் நுனி தொடவில்லை. அழுத்தித் தொடவைக்கப் பார்க்காதீர்கள், மெல்லிய அலகு வளைந்து பொய் சொல்லும். கல்லைவிட அலகு நீளம் என்பதால் குறுக்காகச் சாய்வாக இழுக்க வேண்டும், அடிப்பகுதியில் தொடங்கி நுனியில் முடிகிற மாதிரி. திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள், வாய் மேலாக ஒருபோதும் வேண்டாம்.

முதலில் கத்தியின் எடையோடு விரலின் எடை கொஞ்சம். மை எல்லா இடத்திலும் சீராகப் போகத் தொடங்கியதும் கத்தியின் எடை மட்டும். சரியாக அமைந்த வாய் கல்லின் மேலுள்ள தண்ணீரைத் தனக்கு முன்னால் ஒரே சீரான அலையாகத் தள்ளிக்கொண்டு போகும், சில இடத்தில் அலகின் மேலேயும் ஏறும். டார்ச்சை நேர் எதிரே வைத்து வாயைப் பாருங்கள். எங்கேயாவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே மழுங்கல் இருக்கிறது. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. முன்கை முடியை எந்த இடத்தில் வைத்தாலும் வழித்தால் அடுத்த கல்லுக்குப் போகலாம். இந்தச் சோதனையில் தேறாமல் 8000க்குத் தாவுகிறவர்கள்தான், நாள் முழுக்கத் தீட்டியும் கூர் வரவில்லை என்று புலம்புகிறார்கள்.

மேல் கற்களில் வேலை குறைவு. முந்தைய கல்லின் கீறல் லென்ஸில் தெரியாமல் போகிறவரை தீட்டினால் போதும். கல் ஏற ஏறக் கை எடை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு தோல்வாரில் இழுத்து வாயை நைசாக்குவது. வாணியம்பாடி, ஆம்பூர் நமக்குப் பக்கம்தான், மூன்று விரல் அகலத்துக்கு நல்ல மாட்டுத்தோல் பட்டையை அங்கே வெட்டி வாங்கிவிடலாம். மேல்முகம் வழவழப்பாக, தழும்பு இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே முதுகு முன்னே, வாய் பின்னே. இது கல்லுக்கு நேர் எதிர். மறந்தால் தோல் இரண்டாகும். கித்தான் துணியில் இருபது, தோலில் ஐம்பது இழுப்பு. வார் தொய்யாமல் இழுத்துப் பிடியுங்கள், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும்.

முகத்தில் வைப்பதற்கு முன்

யார் யார் முகத்தில் பட்ட கத்தி என்று தெரியாது. சலூன்களில் இப்போது ஆளுக்கொரு புது பிளேடு மாட்டுகிற கத்தி வந்ததற்கு ரத்தத்தில் பரவும் நோய்கள்தான் காரணம். சோப்புப் போட்டுக் கழுவி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் அலகையும் கழுத்தையும் நன்றாக நனைத்து எடுங்கள். கொதிக்க வைத்தால் கொம்பு முறுக்கிக்கொள்ளும். பிளீச்சிங் தண்ணீர் எஃகை அரிக்கும். ஒரு கத்தி ஒருவருக்கு மட்டும், அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

முதல் தடவை கன்னத்தில் மட்டும், 30 டிகிரி சாய்வில், மறு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி படிந்த திசையில். தாடை வளைவும் மேலுதடும் கை பழகிய பிறகு. பழகுகிற வரை பாதி முகத்துக்கு உங்கள் பழைய ரேஸரே இருக்கட்டும்.

முடித்ததும் வெந்நீரில் அலசி, துடைத்து, கைப்பிடிக்குள் மடக்காமல் அரை நாள் திறந்தே உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நாளானால் சிக்குப் பிடிக்கும். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். நம் பக்கம் காற்று வறட்சி, கோடையில் துரு பயம் அதிகம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில்தான் வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்துத் துடைத்து வைக்க வேண்டும். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்தால் போதும்.